ஆமாம், நான் பழமைவாதிதான்

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். முழுக்க விவரிக்கப் போவதில்லை. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததை எதிர்த்து நான் பேசினேன். "பழமைவாதிகளுக்கு வலுத்தவன் காலடிதானே பிடிக்கும், இவர் உக்ரைனுக்காகப் பேச வந்துவிட்டார்" என்று ஒருவர் சொல்ல, அரங்கமே சிரித்தது. மூன்று நாளாக அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

முதலில் அந்தச் சொல். 'பழமைவாதி' என்று சொன்னதுமே பாதித் தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது. பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவன், புதுசைக் கண்டால் மிரளுகிறவன். நான் அந்த ஆள் இல்லை. பல தலைமுறை சேர்ந்து கட்டியதை ஒரே நாளில் உடைத்துவிட முடியும் என்ற பயம் எனக்கு உண்டு. என் அரசியல் அவ்வளவுதான்.

அந்தப் பயத்தில்தான் 2003-ல் இராக் போரை எதிர்த்தேன். சதாம் கொடுங்கோலன் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆனால் அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்கர்கள் ஒரே உத்தரவில் இராக் ராணுவத்தையே கலைத்தார்கள். ஆயுதம் பிடிக்கத் தெரிந்த லட்சக்கணக்கானவர்கள் வேலையில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். பிறகு நடந்த ரத்தக்களரியை உலகமே பார்த்தது. 2011-ல் லிபியா. அக்டோபரில் அந்த நாட்டை ஆண்ட கடாஃபி கொல்லப்பட்டார், எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றே ஆண்டில் அங்கே இரண்டு அரசுகள் எதிரெதிராக நின்றன. உடைக்கக் கிளம்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மறுநாள் காலையில் அங்கே யார் வழக்கை விசாரிப்பார்கள், யார் தெருவைக் காவல் காப்பார்கள், யார் சம்பளம் போடுவார்கள்?

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்ததையும் இதே காரணத்துக்காகத்தான் எதிர்க்கிறேன். படைபலத்தைக் கொண்டு எல்லையை மாற்றக் கூடாது என்பது இரண்டு உலகப் போர்களில் கோடிக்கணக்கானவர்களைப் புதைத்த பிறகு உலகம் எழுதிக்கொண்ட விதி. அதைக் காக்க நினைப்பது பழமைவாதம் இல்லையென்றால் வேறு எது? எங்கள் பக்கத்திலேயே புதினைப் புகழ்கிறவர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். இருக்கிறார்கள். அவர்களைப் பழமைவாதிகள் என்றே நான் ஒப்புக்கொள்வதில்லை. அவர்களுக்காக நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

இந்தப் புத்தி எனக்குப் படித்து வரவில்லை, பட்டு வந்தது. இருபத்தெட்டு வயதில் ஒரு கணக்குப் பிரிவின் பொறுப்பு என் கைக்கு வந்தது. எந்தத் தொகை வெளியே போனாலும் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று அங்கே ஒரு பழைய வழக்கம். 'எதற்கு இந்த இழுவை?' என்று முதல் மாதமே அதை எடுத்துவிட்டேன். ஏன் வைத்தார்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. ஏழெட்டு மாதத்தில் ஒரு பெரிய தொகை போகக் கூடாத இடத்துக்குப் போயிற்று. என் வேலை தப்பியது. எனக்குக் கீழே இருந்தவருக்குப் போய்விட்டது. அவர் பணத்தைத் தொடவே இல்லை. கூட இன்னொருவர் பார்த்திருந்தால் அந்தத் தவறு அன்றைக்கே பிடிபட்டிருக்கும். அவர் மேசையைக் காலி செய்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

'அடிமை முறையும் பழமைதானே, அதையும் காத்திருப்பீர்களா?' இதை எத்தனை முறை கேட்டாயிற்று! எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று பிரித்துப் பார்க்க எங்களுக்கும் தெரியும். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி 1790-லேயே எச்சரித்த, பழமைவாதிகள் முன்னோடியாகக் கொண்டாடும் பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க்தான், இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் செய்த அநியாயங்களுக்காக அவரைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கூண்டில் ஏற்றப் பல ஆண்டு போராடினார். பிரிட்டனில் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை 1928-ல் வந்தபோது ஆட்சியில் இருந்தது பழமைவாதிகளின் கட்சியான கன்சர்வேடிவ் கட்சி. எங்கள் ஆட்கள் தடுத்த சீர்திருத்தங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பர்க் பயந்தது நடந்ததா இல்லையா? 1793-ல் மன்னரின் தலை போயிற்று. 1799-ல் நாடே ஒரு படைத்தளபதியின் கைக்குப் போயிற்று. விடுதலை கேட்டு எழுந்த மக்களுக்குக் கடைசியில் கிடைத்தது நெப்போலியன்.

சரி, இதெல்லாம் வாதம். என்னை வலிக்க வைத்தது வேறு. சிரித்தவர்களில் என் இருபது வருட நண்பரும் இருந்தார். இராக் போருக்கு எதிராக நான் பேசியபோது முதலில் வந்து கைகொடுத்தவர் அவர்தான். அன்றைக்கும் நான் இதே ஆள்தான், இதே காரணத்தைத்தான் சொன்னேன். அவருக்கு ஒத்துவந்தபோது நான் நேர்மையானவன், இப்போது பிற்போக்குவாதி. என்னோடு சண்டை போட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

1994 டிசம்பரில் புடாபெஸ்டில் ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் உக்ரைனின் எல்லைகளை மதிப்போம் என்று கையெழுத்திட்டன. அந்த உறுதிமொழியோடுதான் உக்ரைன் தன் மண்ணில் இருந்த அணு ஆயுதங்களைக் கொடுத்துவிட்டது. இனி எந்த நாடு எந்தக் கையெழுத்தை நம்பும் என்றுதான் சனிக்கிழமை கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் சிரிப்பு வந்தது. பதில் இன்னும் வரவில்லை.