படத்தில் இருப்பது ஸ்பிக்ஸ் மக்கா என்ற நீலக் கிளி அல்ல

"அழிந்துபோன ஸ்பிக்ஸ் மக்கா திருவையாற்றுப் பனைமரத்தில் கூடு கட்டியிருக்கிறது" என்று ஒரு படத்தோடு சுற்றுகிற செய்தியில் பறவையும் தவறு, ஊரும் தவறு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், அலகின் அடியில் மஞ்சள் பட்டை. இது ஹயசிந்த் மக்கா. வாலோடு சேர்த்து 1 மீட்டர் நீளம்; கல்லாட்டம் இருக்கும் பனைக்குடும்பக் கொட்டைகளையே உடைத்துத் தின்னும். பிரேசிலின் பந்தனால் சதுப்புநிலத்தில் மரப்பொந்துகளில் கூடு வைக்கும். ஸ்பிக்ஸ் இதில் ஏறத்தாழ பாதிதான். முகத்தில் மஞ்சளே கிடையாது. அதுவும் பிரேசில்காரப் பறவை. 2022இல் அங்கே மீண்டும் பறக்கவிட்டார்கள்.

மக்கா எதுவும் இந்தியக் காட்டுப் பறவை அல்ல. கூண்டிலிருந்து தப்பியது வேண்டுமானால் கண்ணில் படலாம். கொள்ளிடக் கரையில் மின்கம்பியில் உட்கார்ந்திருந்து, சிறகு விரித்ததும் நீலமாக மின்னுவது நம் பனங்காடை. பட்டுப்போன பனையின் பொந்தில் முட்டையிடுவதும் அதுதான். பகிர்ந்தவர்களில் பாதிப் பேர் அதைத் தினமும் பார்ப்பவர்களாயிற்றே!