நம்மையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்

பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் நேற்று சித்தப்பா ஒரு வீடியோ போட்டிருந்தார். மேடையில் ஒருவர், வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர்களை எல்லாம் மூட்டை கட்டி ரயிலேற்ற வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்துகிறார். கீழே விசில். குழுவில் பத்துப் பேர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். அத்தனை பேரும் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன செட்டியார் குடும்பங்கள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

எங்கள் ஐயா பதினாலு வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடை எடுபிடியாக, கப்பலேறி பர்மாவில் உள்ள பெகுவுக்குப் போனவர். அங்கே நம் ஆட்களை இளக்காரமாகக் 'கலா' என்பார்களாம். ஐயா அந்தச் சொல்லை வீட்டில் ஒருமுறைதான் சொன்னார், மெதுவாக.

1930இல் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் இடத்தில் பர்மியர்களை இறக்கினார்கள். நிறுத்தம் முடிந்ததும் பர்மியர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். மே மாதம் கலவரம். வெட்டியவனும் அன்றாடங்காய்ச்சி, வெட்டுப்பட்டவனும் அன்றாடங்காய்ச்சி. இரண்டு பக்கமும் கூலியை மிச்சம் பிடித்தவன் மேல் ஒரு கீறல் விழுந்ததாகத் தெரியவில்லை.

நம் பங்கையும் மறைக்கக் கூடாது. அதே காலத்தில் நெல் விலை சரிந்தது, நம்மவர்கள் கொடுத்த கடனுக்கு ஈடான நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம் 1937 வாக்கில் 25 விழுக்காடு ஆனது. நிலம் போனவனுக்கு வயிறு எரியாதா? எரியும். ஆனால் வயிற்றெரிச்சல் தானாக அரிவாள் எடுப்பதில்லை, இன்னாரை வெட்டு என்று ஒருவன் தினமும் சொல்ல வேண்டும். 1938இல் இந்தியர்கள் மீது மறுபடி நடந்த கலவரத்தை விசாரித்த குழு பர்மியப் பத்திரிகைகள் மீதும் குற்றம் சொன்னது. வெறுப்பு அன்றைக்கே நன்றாக விற்ற சரக்கு.

அதே நாட்டில், இன்றைய மியான்மரில், அதே 'கலா' என்ற சொல்லை அங்குள்ள முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்கியாக்கள் மீது எறிந்தார்கள். இம்முறை எறிந்த இடம், நான் இதை எழுதும் இதே முகநூல். 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். வெறுப்பைப் பரப்ப முகநூல் வசதியான கருவியானது என்று 2018இல் ஐ.நா. குழு சொன்னது. விளம்பரக் காசு மட்டும் கம்பெனிக்கு வந்துகொண்டேதான் இருந்தது.

இங்கே மட்டும் என்ன? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் ஓடின. பயந்துபோன பையன்கள் ரயில் நிலையங்களில் குவிந்தார்கள். அங்கே ஒருவன் பொய்யை விற்றான், இங்கே ஒருவன் மேடை போடுகிறான். மேடை, மைக்செட், பிளெக்ஸ், வேன், பிரியாணி, இதற்கெல்லாம் யார் பணம்? பேரேடு எழுதிப் பழகிய ஊர்க்காரர்கள் நாம், பற்று எவன் பேரில் என்றுதானே முதலில் கேட்டிருக்க வேண்டும்?

இதையெல்லாம் குழுவில் எழுதினேன். சித்தப்பா, "நாம போனது தொழிலுக்குப்பா, அது வேற" என்றார்.

அரை மணி நேரம் கழித்துத் தனியாக ஒரு செய்தி: "அந்தப் பீகார் பையனைச் சனிக்கிழமை வரச் சொல்லு. ரெண்டாங்கட்டுல ஓடு மாத்தணும்."