கேப்சூல் கேமரா வயிற்றில் கரையாது

எண்டோஸ்கோபிக்கு விழுங்கும் கேமரா மாத்திரை வயிற்றிலேயே கரைந்துவிடும், மறுநாளே எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பணிவாக ஒரு திருத்தம்: அது கரையாது.

சுமார் 26 மி.மீ. நீள பிளாஸ்டிக் கூடு அது. உள்ளே கேமரா, விளக்கு, பேட்டரி, ஆன்டெனா. 8 முதல் 12 மணி நேரம் இடுப்பு பெல்ட்டில் உள்ள ரெக்கார்டருக்குப் படம் அனுப்பும். பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் மலத்தோடு வந்துவிடும். குடல் காசநோய், குரோன் நோய் (குடலில் நீடிக்கும் அழற்சி), நெடுநாள் வலி மாத்திரை இவற்றால் சிறுகுடல் எங்காவது சுருங்கியிருந்தால் அங்கேயே சிக்கிக்கொள்ளலாம். உள்ளே அது இருக்க, எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள் போவது குடலுக்கு ஆபத்து.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. அடைப்புச் சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே தரும் 'பேட்டன்சி கேப்சூல்' கரையக்கூடியது. லாக்டோஸ், பேரியம் கலந்தது. அதில் கேமரா கிடையாது.

நீங்களே சரிபார்க்கலாம். கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தில் 'கேப்சூல் தேக்கம்' (வெளியேறாமல் உள்ளேயே தங்குவது), எம்.ஆர்.ஐ. இரண்டையும் பற்றி என்ன இருக்கிறது என்று படியுங்கள். வெளியேறியதைப் பார்க்கவில்லை என்றால் வயிற்றுக்கு ஒரு சாதாரண எக்ஸ்ரே போதும். பேட்டரி வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் போகிறவர்கள், எம்.ஆர்.ஐ. அறையில் கேப்சூல் விழுங்கிய தேதியைத் தவறாமல் சொல்லுங்கள்.