பழமும் கீரையும் சேர்ந்தாலும் அது குவாக்கமோலேதான்

ஞாயிற்றுக்கிழமை முகநூலில் நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி இழுக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். இரண்டு நாளாகியும் மனசு ஆறவில்லை, எழுதிவிடுகிறேன்.

ஒரு கிண்ணம் குவாக்கமோலே, அவகாடோவை மசித்துச் செய்யும் மெக்சிகோ உணவு. அவகாடோவோடு பாலக்கீரையும் மாம்பழத் துண்டும் சேர்த்திருந்தேன். அவ்வளவுதான் படம். "இதற்குப் பெயர் குவாக்கமோலே இல்லை, மெக்சிகோக்காரர்களுக்குச் செய்யும் அவமரியாதை" என்று நான் மதிக்கும் ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு. என் கையால் சாப்பிட்டவர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள்.

மெக்சிகோவைப் பற்றியே பேசுவோம். அங்குள்ள பழங்குடி மொழியான நாவாட்டிலில் ஆவாகாமோல்லி (குவாக்கமோலே என்ற பெயரின் மூலச் சொல்) என்றால் அவகாடோவில் செய்த சாந்து. அந்தச் சொல்லில் அவகாடோ மட்டும்தான் இருக்கிறது; வேறு எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்ற விதி எதுவும் இல்லை. இன்று "அசல்" என்று நீங்கள் காவல் காக்கிற செய்முறையில் இருக்கும் வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை மூன்றுமே ஸ்பானியர்களோடு கடல் தாண்டி வந்தவை. 1519-இல் அவர்கள் வந்து இறங்குவதற்கு முன்பு அங்கே அவகாடோவும் மிளகாயும் தக்காளியும்தான். வெங்காயம் நுழையலாம், மாம்பழம் நுழையக் கூடாது என்பது எந்தக் கணக்கு?

பழம் சேர்ப்பது நான் கண்டுபிடித்ததும் இல்லை. குவானாஹ்வாட்டோ மாநிலத்தில் கொமொன்ஃபோர்ட் என்று ஓர் ஊர், பழைய பெயர் சமாகுவேரோ. அந்தப் பெயரிலேயே ஒரு குவாக்கமோலே இருக்கிறது. பீச், திராட்சை, மேலே மாதுளை முத்துகள். மெக்சிகோவுக்குள்ளேயே பழம் போட்டுச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் யாரை அவமதிக்கிறார்கள்?

2015 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் பச்சைப் பட்டாணி போட்ட குவாக்கமோலேயைப் பகிர்ந்தபோது அதிபர் ஒபாமாவே மறுத்து எழுதினாரே என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், எழுதினார். வெங்காயம், பூண்டு, காரமான மிளகாய் போதும் என்றார். ஆனால் அந்தப் பூண்டையே சேர்க்காதவர்கள் மெக்சிகோவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது அவருடைய நாக்கு, அவருடைய ருசி. சட்டம் இல்லை.

அப்புறம், "அவகாடோவே ஆரோக்கியம்தானே, அதில் எதற்குக் கீரை?" இது நியாயமான கேள்வி. 100 கிராம் அவகாடோவில் சுமார் 160 கலோரி, கிட்டத்தட்ட 15 கிராம் கொழுப்பு. நல்ல கொழுப்புதான், ஆனால் கிண்ணத்தைப் பார்த்தால் கை நிற்காது. அதே 100 கிராம் பாலக்கீரையில் 23 கலோரிதான். பாதிக்குப் பாதி கலந்தால் கிண்ணம் அதே அளவு, கலோரி நன்றாகக் குறைகிறது. கீரையிலும் மாம்பழத்திலும் இருக்கும் பீட்டா கரோட்டின் (உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும் சத்து) உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். சாலடோடும் சல்சா என்ற தக்காளிச் சட்னியோடும் அவகாடோ சேர்த்துச் சாப்பிட்டால் அது பல மடங்கு கூடுதலாக உடம்பில் சேர்கிறது என்று ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-லேயே வெளியிட்டார்கள். இவை ஒன்றுக்கொன்று துணை. விளையாட்டுக்கு நான் கலக்கவில்லை.

மாம்பழத்தில் சர்க்கரை இருக்கிறதே என்றால், இருக்கிறது. நான் போடுவது நான்கு ஸ்பூன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையை திடீரென்று கூட்டக் கூடாது, வைட்டமின் கே அதிகம், மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று ஒரு தோழி எழுதியிருந்தார். அது முழுக்கச் சரி, அவருக்கு நன்றி. அத்தனை பேரில் படத்தைப் பார்த்து யோசித்து எழுதியவர் அவர் ஒருவர்தான்.

இதை ஏன் செய்ய ஆரம்பித்தேன் என்று யாருமே கேட்கவில்லை. போன வருஷம் அம்மாவுக்குப் பல பற்களை எடுத்துவிட்டார்கள். கீரை மெல்ல முடியவில்லை, நார் ஈறில் சிக்கிக்கொள்ளும், வலிக்கும். தட்டை நகர்த்தி வைத்துவிடுவார். முதல் தடவை பச்சைக் கீரையை அப்படியே மிக்ஸியில் போட்டேன்; தண்ணீர் விட்டு, பச்சை வாடையோடு நீர்த்துப் போனது. அதற்கு அப்புறம்தான் பிடிபட்டது. கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம், உடனே குளிர்ந்த நீரில், பிறகு இரண்டு கையாலும் பிழிய வேண்டும். ஒரு பெரிய கட்டுக் கீரை உள்ளங்கையில் எலுமிச்சம்பழ அளவு உருண்டையாகிவிடும். அதைப் பொடியாக நறுக்கி, வெங்காயம், பச்சை மிளகாய், உப்போடு கல்லில் நசுக்கிவிட்டு, அவகாடோவைக் கடைசியில் சேர்த்து, கையால் மசிக்க வேண்டும். மிக்ஸி வேண்டாம். எலுமிச்சைச் சாறு தாராளமாக விட்டால் சீக்கிரம் கறுக்காது, கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேரவும் அது உதவும். மாம்பழம் நன்றாகக் கனிந்ததாக இருக்க வேண்டும், ஈறு வைத்தே நசுக்கிவிடலாம்.

அம்மா கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்ட அன்றைக்கு எடுத்த படம்தான் அது. நீங்கள் சிரித்தது அந்தக் கிண்ணத்தைப் பார்த்து.

அம்மாவும் முகநூலில் இருக்கிறார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். திங்கட்கிழமை காலையில் போனை என்னிடம் நீட்டி, "நான் சாப்பிட்டதையா இப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஸ்பானியர்களையும் பீட்டா கரோட்டினையும் அப்போது சொல்ல முடியுமா? அசல் ருசி உங்களுக்கு முக்கியமென்றால் அப்படியே செய்து சாப்பிடுங்கள், நான் குறுக்கே வரவில்லை. அடுத்தவர் வீட்டுக் கிண்ணத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை மட்டும் உங்களுக்கு யார் கொடுத்தது?

படத்தை எடுத்துவிடு, வம்பு எதற்கு என்றார் அம்மா. எடுக்கவில்லை. தலைப்பும் அப்படியேதான் இருக்கிறது: குவாக்கமோலே.