காசிக்கு ஆறு நாள், எங்கள் ஊருக்கு ஆறு மணி நேரமா?

ராத்திரி பதினொன்றரைக்கு போன். "மாப்ள, தூங்கிட்டியா?" தூங்குகிறவனை எழுப்பி இதைக் கேட்பதில் மனிதர்களுக்கு என்ன சுகமோ. "திண்டுக்கல் தாண்டிட்டோம். விடியக்காலம் அஞ்சு மணிக்கு உன் வீட்டுல இருப்போம். பதினோரு பேரு. டிபன் எல்லாம் வேணாம், இட்லி மட்டும் ஊத்தினாப் போதும்னு தங்கச்சிட்ட சொல்லிரு. பதினொண்ணுக்கெல்லாம் கிளம்பிருவோம்."

பெரியப்பா மகளைக் கட்டிய மச்சான். கோயம்புத்தூர்க்காரர், பாசக்காரர், அதில் குறையே இல்லை. "ரெண்டு நாள் இருந்து பாருங்க மச்சான்" என்றேன். "எதுக்குப்பா? தீர்த்தம், சாமி, தனுஷ்கோடி, கலாம் சமாதி, போற வழியில பாலத்துல ஒரு போட்டோ. அவ்வளவுதானே உங்க ராமேஸ்வரத்துல?"

அவ்வளவுதானே! வயிறு எரிகிறது. அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்ல முடியாமல் அன்றைக்கு இட்லி பரிமாறினேன், இப்போது இங்கே கொட்டுகிறேன்.

இதே மச்சான் போன கார்த்திகையில் காசிக்குப் போனார். ஆறு நாள். விடியலில் அசி படித்துறையில் படகு ஏறி மணிகர்ணிகை வரை போய் வந்திருக்கிறார். தசாசுவமேத படித்துறையில் கங்கை ஆரத்தியை ஒரு நாள் படியில் உட்கார்ந்து பார்த்தாராம். அது திருப்தியில்லை என்று மறுநாள் படகில் இருந்து பார்த்தாராம். ஒரு நாள் முழுக்க விசுவநாதர் சந்து பொந்துகளில் மாடுகளோடு மாடாக நடை. ஒரு நாள் சாரநாத். நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்தில் சாப்பாடு, கேதார் படித்துறைப் பக்கம் தமிழ் பேசுகிறவர்களைத் தேடிப் பிடித்துப் பேச்சு. மணிகர்ணிகையில் சிதை எரிவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் இருந்தாராம். (அக்கா நம்பவில்லை. நானும்தான்.)

நல்லது. காசி அப்படித்தான் பார்க்க வேண்டிய ஊர். படித்துறை மட்டும் 84 இருக்கிறது, ஓடிப் பார்த்தால் அந்த ஊரில் ஒன்றும் பிடிபடாது. ஒரு ஊரைக் காலையில் ஒரு மாதிரி, ராத்திரி ஒரு மாதிரி, படகில் ஒரு மாதிரி, நடந்து ஒரு மாதிரி பார்க்க இந்த மனிதருக்குத் தெரிகிறது. அந்தப் புத்தி பாம்பன் பாலம் ஏறியதும் எங்கே போகிறது? அதுதான் என் கேள்வி.

இன்னொரு கூத்து. காசி யாத்திரை என்றால் ராமேஸ்வரத்தில் தொடங்கி ராமேஸ்வரத்தில் முடியவேண்டும். இங்கே கடலில் நீராடி, மண் எடுத்துக்கொண்டு போய் பிரயாகைத் திரிவேணியில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் கணக்குத் தீரும். நம்ம மச்சான் போகும்போது என்ன செய்தார் தெரியுமா? "மாப்ள, அக்னி தீர்த்தத்துல ஒரு பிடி மண்ணு அள்ளி கூரியர்ல அனுப்பிவிடு." அனுப்பினேன். கூரியர் ஆபீசில் "உள்ள என்ன சார்?" என்று கேட்டபோது "மண்ணு" என்று சொன்ன என் மானத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கங்கை நீரோடு வந்தார்கள். வாய் அடைத்த செப்புச் சொம்பை வீட்டு ஷோகேஸில் வைத்துவிட்டு எல்லோரும் அக்னி தீர்த்தத்துக்கு ஓட்டம். ஸ்படிகலிங்க தரிசனம் அதிகாலை ஐந்து மணிக்கு. இவர்கள் வண்டி வந்து நின்றதே ஐந்தே காலுக்கு. ராத்திரியே வந்து படுத்திருந்தால் கிடைத்திருக்கும்.

கடலில் குளித்ததும் மச்சானின் அத்தை கட்டியிருந்த பழைய சேலையை அப்படியே தண்ணீரில் விட்டார். யாரோ ஜோசியர் சொன்னாராம், பீடை கழியுமாம். "அத்தை, நாளைக்கு அது அடுத்தவங்க காலைச் சுத்தும், இல்ல வலையில வந்து மாட்டும்" என்றேன். "நீ உள்ளூர்க்காரன், உனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா" என்றார். என் ஊர்க் கடல், எனக்குத் தெரியாதாம்! நான் இறங்கி அந்தச் சேலையை எடுத்தேன். பீடை எனக்கு வந்ததா என்று இன்னும் தெரியவில்லை. அத்தை என்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறார், அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தம். வாளியை இறக்கி ஒரே வீச்சில் தலையில் ஊற்றுகிறார்கள், இவர்கள் அடுத்த கிணற்றுக்கு ஓடுகிறார்கள். "இது எத்தனாவது? பதினொண்ணா பன்னெண்டா?" இதுதான் வழி நெடுகப் பேச்சு. அந்த 22இல் கங்கை, யமுனை, கயா என்று மூன்று கிணறு இருக்கிறது. எந்தக் கங்கைக்கு ஆறு நாள் கொடுத்தாரோ அந்தப் பெயரில் ஒரு கிணறு, ஒரு வாளி, மூன்று விநாடி. நின்று பெயர்ப் பலகையையாவது படித்தாரா என்றால் இல்லை. மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண் என்பார்கள். சேதுபதிகள் கட்டிய பிரகாரம். ஈரத் துணியோடு அதில் நடந்தவர்கள் யாரும் தலையைத் தூக்கவில்லை, வழுக்கும் என்று தரையையே பார்த்தார்கள். உடை மாற்றி, வரிசையில் நின்று, ராமநாதரைப் பார்த்து வெளியே வந்தபோது மணி எட்டரை. "சொம்பு?" என்றேன். "திரும்பி வந்து ஊத்திக்கலாம் மாப்ள, இப்ப தனுஷ்கோடி போயிருவோம், வெயில் ஏறிரும்."

தனுஷ்கோடியில் எத்தனை நேரம்? அரிச்சல்முனையில் பதினைந்து நிமிடம். பதினோரு பேரும் ஒரு செல்ஃபிக்குள் அடங்க அதில் பத்து நிமிடம் போனது. கோதண்டராமர் கோயில் பக்கம் வண்டி நிற்கவேயில்லை. 1964 புயலையும் தாங்கி நின்ற கோயில் அது. தை மாதம், அந்தப் பக்கத்துத் தண்ணீரில் பூநாரைகள் நின்றிருந்தன. "கொக்கு" என்றான் ஒரு பையன். திருத்துவதற்குள் வண்டி போய்விட்டது.

மச்சான், நான் சொல்வதைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் தெரியுமா? முதல் நாள் கோயிலோடு விட்டிருப்பேன். சாயங்காலம் கந்தமாதன பர்வதம். தீவிலேயே மேடான இடம், மேலே ராமர் பாதம். அங்கே நின்றால்தான் நீங்கள் ஒரு தீவில் இருக்கிறீர்கள் என்பதே உறைக்கும். மறுநாள் தனுஷ்கோடியில் மட்டும் அரைநாள். வடக்கே குளம் மாதிரி கிடக்கிற கடலைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே அலையடிப்பது ஆண்கடல். இரண்டுக்கும் நடுவில் நின்று வித்தியாசத்தைக் காதால் கேட்க வேண்டும், அதற்குச் செல்போனை உள்ளே வைக்க வேண்டும். இடிந்த தேவாலயத்துக்குப் பக்கத்தில் மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அரசாங்கம் குடியிருக்க லாயக்கில்லை என்று சொன்ன பிறகும் அந்த ஊற்றை நம்பி அங்கே மீனவக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வீட்டு வயதானவர்களிடம் உட்கார்ந்தால் போட் மெயில் கதை வரும். ரயிலில் வந்து, கப்பல் ஏறி, தலைமன்னார் போன காலம். 1964 டிசம்பர் 22 ராத்திரி பாசஞ்சர் ரயிலோடு ஜனங்களைக் கடல் கொண்டுபோன கதையும் வரும். மணிகர்ணிகையில் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் இருந்தவருக்கு இங்கேயும் இருக்க இடம் உண்டு மச்சான்.

தங்கச்சிமடம் வில்லூண்டித் தீர்த்தத்தில் கடலுக்கு நடுவே நல்ல தண்ணீர்க் கிணறு. பாம்பன் குந்துகால், 1897இல் விவேகானந்தர் இலங்கையிலிருந்து வந்து இறங்கிய கரை. பாலத்தைத் தாண்டினால் திருப்புல்லாணி, சேதுக்கரை, தேவிபட்டினத்துக் கடலுக்குள் நவபாஷாணம், ஏர்வாடி தர்கா, உத்திரகோசமங்கை. ஓரியூரில் புனித அருளானந்தர் தேவாலயம். ராமர் பாதையில் வருகிறவர்களும், தர்காவுக்கு நேர்ந்துகொண்டு வருகிறவர்களும், ஓரியூருக்கு நடந்து போகிறவர்களும் இதே கரையில்தான் நடக்கிறார்கள். எதிலும் சாமி வேண்டாம் என்றால் ஓலைக்குடா கரையில் சும்மா உட்கார்ந்து மீன் கரையேறுவதைப் பாருங்கள். மத்தியானம் நகரை மீன் குழம்பு என் பொறுப்பு.

எங்கள் ஆட்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க மாட்டேன். "அஞ்சு பாயிண்ட், ரெண்டு மணி நேரம், இவ்வளவு ரூபாய்" என்று வண்டியில் தாளை ஒட்டியது வெளியூர்க்காரரா? நாம்தானே. இறக்கிவிட்ட இடத்தில் "பத்து நிமிஷம் சார்" என்று ஹாரன் அடிப்பதும் நாம்தான். நானே கந்தமாதனம் ஏறியது போன வருடம்தான் என்று வீட்டுக்காரி இதைப் படித்துவிட்டு ஞாபகப்படுத்துகிறாள். சரி, ஒத்துக்கொள்கிறேன்.

பத்தே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தார்கள். ஈரத் துணியை மூட்டை கட்டினார்கள், மிச்ச இட்லியைப் பொட்டலம் கட்டினார்கள், பேய்க்கரும்பில் கலாம் நினைவிடத்தில் இறங்கி ஒரு பார்வை பார்த்தார்கள், போனார்கள். வீடு அப்பாடா என்று இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு, பரமக்குடி தாண்டி, போன்.

"மாப்ள, அந்தச் சொம்பு..."

ஷோகேஸைப் பார்த்தேன். கோயம்புத்தூரிலிருந்து எதற்காக வந்தார்களோ அது அங்கேயே இருந்தது, வாய் அடைத்தபடி, என் மகளின் ஓட்டப்பந்தயக் கோப்பைக்குப் பக்கத்தில்.

"திரும்பி வாங்க மச்சான். ரெண்டு மணி நேரந்தான்."

"அட, பிள்ளைகளுக்கு நாளைக்கு டியூஷன்ப்பா. நீயே எங்க பேரைச் சொல்லி ஊத்திரு. சீட்டுக்கு எவ்வளவுன்னு சொல்லு, ஜிபே போட்டுவிடுறேன்."

மூன்று வாரமாகிறது. சொம்பு ஷோகேஸில்தான் இருக்கிறது. நான் ஊற்றப் போவதில்லை. நேற்றும் போன் பண்ணினார், கூரியரில் திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டு.