காயலான் கடையும் கான்பூரும்

ஞாயிற்றுக்கிழமை நான் பகிர்ந்த, அமெரிக்காவில் இருக்கும் 'விட்ச்கிராஃப்ட்' என்னும் பழைய லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தின் படத்துக்குக் கீழே நடந்ததை நீங்கள் அனைவரும் பார்த்தீர்கள். "அமெரிக்கன் போற்றிப் பாதுகாக்கிறான், நம் கையில் கிடைத்திருந்தால் காயலான் கடைக்குத்தான் போயிருக்கும்" என்று ஒருவர் எழுத, அதற்குச் சிரிப்புக் குறிகள் குவிந்தன. எழுதியவர் படித்தவர், நல்லவர், என் நண்பரும்கூட. இரண்டு நாள் பொறுத்திருந்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த விமானம் நம் கையில்தான் இருந்தது. இருபது ஆண்டுகள் இருந்தது. நம் கையில் இருந்ததால்தான் அது இன்றும் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் பதினெட்டாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டன. அமெரிக்காவில் வேறெந்தப் போர்விமானமும் அந்த எண்ணிக்கையில் கட்டப்படவில்லை. வில்லோ ரன் என்னும் இடத்தில் ஃபோர்டு நிறுவனம் நடத்திய ஆலையில், உச்சக்கட்டத்தில் மணிக்கு ஒன்று என்ற வேகத்தில் அவை வெளிவந்தன. போர் முடிந்ததும், போற்றிப் பாதுகாக்கத் தெரிந்த அந்த நாடு, அரிசோனாவின் கிங்மன் போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கான குண்டுவீச்சு விமானங்களை வரிசையாக நிறுத்தி, வெட்டி, உலையிலிட்டு அலுமினியப் பாளங்களாக்கியது. பிரிட்டன் மட்டும் என்ன செய்தது? 2,371 ஸ்டெர்லிங் விமானங்களைக் கட்டிய நாட்டில் இன்று முழு ஸ்டெர்லிங் ஒன்றுகூட இல்லை. காயலான் கடைக்கு வழி கேட்டால் அவர்களே நமக்குச் சொல்லித் தருவார்கள்.

கான்பூரில் நடந்தது வேறு. அமெரிக்கா பிரிட்டனுக்கு இரவலாகக் கொடுத்த லிபரேட்டர்களைப் போருக்குப் பிறகு திருப்பித் தர வேண்டும், இல்லையேல் பயன்படாதபடி அழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அதன்படி பிரிட்டிஷ் விமானப்படை கான்பூரின் சக்கேரி விமானத் தளத்தில் அவற்றின் உடலை நசுக்கி, எஞ்சின்களில் மணலைக் கொட்டி விட்டுச் சென்றது. சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, பெங்களூரின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்து ஆட்கள் அந்தக் குவியலுக்குள் இறங்கினார்கள். ஒன்றின் உறுப்பை மற்றொன்றுக்குப் பொருத்தி, ஒரு முறை பறந்தால் போதும் என்ற அளவுக்குத் தேற்றினார்கள். அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தவர் ஜம்ஷெட் முன்ஷி. அவர் அதற்கு முன் லிபரேட்டரை ஓட்டியதே இல்லை, கையேட்டைப் படித்துவிட்டு ஏறினார். அப்படி நாற்பத்திரண்டு விமானங்கள் வந்து சேர்ந்தன. 1948 நவம்பரில் அவற்றைக் கொண்டே இந்திய விமானப்படையின் ஐந்தாவது படைப்பிரிவு தொடங்கப்பட்டது. அவை 1968 வரை பறந்தன.

என் பெரியப்பா ஐம்பதுகளில் பெங்களூரில் ஃபிட்டராக இருந்து அந்த விமானங்களில் வேலை பார்த்தவர். அவருக்கு லிபரேட்டர் மீது துளியும் பிரியம் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் பைகள் ஓயாமல் கசியும் என்றும், வெயிலில் காய்ந்த விமானத்துக்குள் நுழைந்து வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தால் இரவுச் சாப்பாடும் பெட்ரோலாக மணக்கும் என்றும் திட்டிக்கொண்டேதான் சொல்வார். திட்டிக்கொண்டே ரிவெட் அடித்தவர்களின் உழைப்பைத்தான் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சிரிப்புக் குறி போட்டுக் கடந்தீர்கள்.

இன்று உலகில் எஞ்சியிருக்கும் லிபரேட்டர்களை விரல்விட்டு எண்ணலாம். அவற்றில் ஆறு, இந்திய விமானப்படையிலிருந்து போனவை அல்லது இங்கேயே நிற்பவை. லண்டனில் இருப்பது நாம் கொடுத்தது. கனடாவின் ஒட்டாவாவில் இருப்பது லைசாண்டர் என்னும் பழைய பிரிட்டிஷ் சிறு விமானம் ஒன்றுக்கு மாற்றாக நாம் கொடுத்தது. அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்தில் இருப்பது, 1969இல் இங்கிருந்து பறந்தே போனது. புளோரிடாவில் ஒன்று இருக்கிறது. 'விட்ச்கிராஃப்ட்' ஓய்வு பெற்றபின் பெங்களூரில் கிடந்தது, எண்பதுகளில் பிரிட்டனுக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் போனது. ஆறாவது, டெல்லியில் 'பாலம்' என்னும் இடத்தில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும், ஹெச்.இ. 924 என்ற எண் கொண்ட விமானம்.

"பெங்களூரில் கிடந்ததைத்தானே அவர்கள் வாங்கிப் பெரும் பொருள் செலவழித்துப் பறக்க வைத்தார்கள்?" என்று கேட்பீர்கள். செலவழித்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் செலவழிக்க ஒரு விமானம் மிஞ்சியிருந்ததே, அது யாரால்?

"குண்டு போட்டு ஊர்களை எரித்த இயந்திரத்துக்கு இவ்வளவு உருக்கமா?" என்பது இன்னொரு கேள்வி. நான் இயந்திரத்துக்காக உருகவில்லை, அதைச் செப்பனிட்டவர்களுக்காகப் பேசுகிறேன். "வெள்ளைக்காரன் சண்டை, நமக்கென்ன?" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1944இல் நம் பரங்கிமலையிலிருந்து லிபரேட்டர்கள் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிக் கடல்மேல் பறந்துகொண்டிருந்தன. அந்தச் சண்டை உங்கள் தாத்தாவின் தலைக்கு மேலே நடந்தது. அவரைக் கேட்டிருக்கலாம்.

உண்மையில் என்னைச் சுடுவது சாயம்தான். அசல் 'விட்ச்கிராஃப்ட்' இங்கிலாந்திலிருந்து 130 தாக்குதல்களுக்குச் சென்று, இயந்திரக் கோளாறால் ஒருமுறைகூடப் பாதியில் திரும்பாத விமானம். போர் முடிந்ததும் அதை அமெரிக்காவிலேயே உடைத்துவிட்டார்கள். அந்தப் பெயரையும் அந்தக் கோலத்தையும் பிற்காலத்தில், இந்தியா காப்பாற்றிய ஒரு விமானத்தின் மீது பூசினார்கள். பீமாவில் இருப்பதும் இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்கக் குழுவின் வண்ணத்தில்தான் நிற்கிறது. தாங்கள் உடைத்ததன் பெயரை, நாம் உடைக்காமல் வைத்திருந்ததன் மீது எழுதிவிட்டார்கள், அதைப் பார்த்து நம் ஆட்களே "அவன் அல்லவா பாதுகாக்கிறான்" என்று மெய்சிலிர்க்கிறார்கள். இருபது ஆண்டு தாங்கிய நம் விமானப்படையின் வட்டச் சின்னத்துக்கு அந்த உடலில் ஒரு சாண் இடம்கூட இல்லையா?

"வீரர்களுக்கு அஞ்சலியாகப் பூசுகிறார்கள்" என்று நண்பர் தனிச்செய்தியில் விளக்கினார். மிக்க நன்றி. முன்ஷிக்கு அஞ்சலியாக யார் எதைப் பூசுவார்கள் என்பதையும் அவரே விளக்கியிருக்கலாம்.

இன்னொருவர், 2019இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 'நைன்-ஓ-நைன்' என்னும் பழைய பி-17 குண்டுவீச்சு விமானம் விழுந்து எழுவர் மாண்டதையும், 2022இல் டல்லாஸ் வான்காட்சியில் இன்னொரு பி-17, வேறொரு விமானத்துடன் மோதி நொறுங்கியதையும் காட்டி, "இவற்றைப் பறக்க விடுவதே தவறு" என்கிறார். அது தனி விவாதம். இறந்தவர்களை இந்தச் சண்டைக்குள் இழுக்க எனக்கு மனமில்லை. ஆனால் பறக்காமல் தரையில் வைப்பதுதான் சரி என்றால், தரையில் நிற்பதையாவது ஒழுங்காக வைக்க வேண்டும் அல்லவா? டெல்லி அருங்காட்சியகத்தில் நான் பார்த்தபோது ஹெச்.இ. 924 திறந்த வெளியில் நின்றது. லண்டனில் இருப்பதற்கும் ஒட்டாவாவில் இருப்பதற்கும் கூரை உண்டு. கனடா மாற்றாகக் கொடுத்த லைசாண்டர்கூட நம் ஊரில் கொட்டகைக்குள் இருக்கிறது, அதற்கு ஈடாக நாம் கொடுத்ததன் உடன்பிறப்பு டெல்லி வெயிலில் காய்கிறது.

காயலான் கடை என்று சிரித்தவர்களில் ஒருவராவது இந்தக் கூரையைப் பற்றிக் கேட்டிருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். விமானப்படை அருங்காட்சியகத்துக்கு நாளை ஒரு கடிதம் அனுப்பப்போகிறேன். சேர்ந்து கையெழுத்திட விரும்புபவர்கள் தனிச்செய்தியில் பெயர் தாருங்கள். சிரிப்புக் குறி மட்டும் வைத்திருப்பவர்கள் அதைத் தங்களிடமே வைத்துக்கொள்ளலாம்.