அந்தப் பாட்டி படத்தைப் பற்றி

எந்தப் புகைப்படம் என்று சொல்லத் தேவையில்லை. இந்த வாரம் முழுக்க எல்லோர் பக்கத்திலும் அதுதான் ஓடுகிறது. ஊட்டி மார்க்கெட், கேரட் குவியல், மஃப்ளர் கட்டிய பாட்டி, எச்சில் தொட்டு நோட்டு எண்ணும் விரல். ஒரு தம்பி எடுத்துப் பதிவிட்டது, தலைப்பு "வறுமையின் ரேகைகள்". கீழே அவருடைய பேத்தி வந்து, "இது எங்க பாட்டி, அவங்களுக்கு இது தெரியவே தெரியாது, தயவுசெஞ்சு எடுத்துடுங்க" என்று எழுதியிருந்ததையும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள். "பெருமைப்படும்மா." "கலை புரியாதவங்ககிட்ட பேசி என்ன பிரயோஜனம்." "ஓவரா சீன் போடாதே." படம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

தெருவில் முன்பின் தெரியாத மனிதர்களை இயல்பாகப் படமெடுப்பதற்கு நான் எதிரி இல்லை. நானும் அதைச் செய்கிறவன்தான். நான் சொல்வது ஒன்றே ஒன்று. படத்தை முதலில் பார்க்க வேண்டியவர் படத்தில் இருப்பவர். இன்ஸ்டாகிராம் இல்லை, போட்டி நடுவர் இல்லை, நீங்களும் நானும் இல்லை. அவர். எடுங்கள், எடுத்த கையோடு போய்க் காட்டுங்கள், வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழியுங்கள்.

"கேட்டுவிட்டு எடுத்தால் விறைப்பாக நிற்பார்கள், இயல்பு செத்துப்போகும்" என்று உடனே நாலு பேர் வருவீர்கள். முன்கூட்டியே கேட்கச் சொல்லவில்லை ஐயா. எடுத்த பிறகு. ஷட்டர் விழுந்த பிறகு இயல்பு எங்கே ஓடிவிடும்? அது கார்டில் பதிந்தாயிற்று. அதற்கப்புறம் நடந்து போய்க் காட்டுவதில் போவது ஒரு நிமிடமும் கொஞ்சம் கூச்சமும்தான். அந்தக் கூச்சத்தைத் தாங்க முடியாதவர் அடுத்தவர் முகத்தை ஊருக்குக் காட்ட எப்படித் துணிகிறார்?

அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்பது படத்திலேயே தெரிகிறது. தூரத்தைக் கிட்ட இழுக்கும் 200 மி.மீ. லென்ஸ், அதன் துளையை அகலத் திறந்து எஃப் 2.8 அல்லது அதற்குப் பக்கத்தில், எதிர் வரிசையிலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ. பின்னால் இருந்த தராசு, அடுக்கிய பெட்டி, பக்கத்துக் கடைக்காரர், பாட்டியின் கடை என்று காட்டக்கூடிய எல்லாமே மங்கலில் கரைந்துவிட்டன. மிச்சம் நின்றது சுருக்கமும் அழுக்கு நோட்டும். அதனால்தான் "வறுமை" என்று பெயர் வைக்க முடிந்தது. காலையில் மூட்டை இறக்கி, பேரம் பேசி, சாயங்காலம் வியாபாரக் கணக்கை எண்ணிக்கொண்டிருந்த ஒரு கடைக்காரம்மாவை ஏதுமற்றவராக மாற்றியது அந்த லென்ஸும் அந்தத் தூரமும். பக்கத்தில் போயிருந்தால் தலைப்பே வேறு மாதிரி வந்திருக்கும்.

பக்கத்தில் போனால் இயல்பு வராது என்பது பழக்கம் இல்லாதவர்கள் சொல்வது. 35 மி.மீ. லென்ஸ் போடுங்கள், சின்ன சென்சார் கேமரா என்றால் 23. துளையைச் சுருக்கி எஃப் 8, ஃபோகஸை 2.5 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். முழுச் சென்சாரில் சுமார் 1.7 மீட்டரிலிருந்து 5 மீட்டர் கிட்ட வரை எல்லாம் தெளிவாக இருக்கும். ஆட்டோஃபோகஸ் தேடாது, நீங்களும் கேமராவைக் கண்ணில் வைத்துத் தடவிக்கொண்டிருக்க மாட்டீர்கள். தூக்கினால் எடுத்தாயிற்று. ஷட்டர் வேகம் நடக்கிறவர்களுக்கு 1/250 வினாடி, கட்டு கட்டும் கைகளுக்கு 1/500. மார்க்கெட் உள்ளே வெளிச்சம் குறைவு, ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்வு) 3200, 6400 போகத்தான் போகும், படத்தில் புள்ளி விழும், போகட்டும். புள்ளி விழுந்த படத்தை யாரும் குறை சொல்வதில்லை, கலங்கிய படத்தைத்தான் சொல்வார்கள். போன் வைத்திருப்பவர்கள் அகலக் கோணத்தில் முகத்துக்கு நெருங்காதீர்கள், மூக்கு வீங்கும். 2 மடங்கு ஜூமில் வைத்து இரண்டடி பின்னால் நில்லுங்கள்.

முக்கியமாக, வெளிப்படையாக நில்லுங்கள். கேமரா கழுத்தில் தொங்கட்டும், அரைக்கிலோ பீன்ஸ் வாங்குங்கள், பத்து நிமிடம் அங்கேயே இருங்கள். அதற்குள் அங்கே இருப்பவர்களுக்கு உங்களைப் பார்த்துச் சலித்துவிடும், அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். தூணுக்குப் பின்னாலிருந்து கிடைக்கும் முகத்தைவிட இந்த முகத்தில் உயிர் அதிகம்.

இந்த மலையில் தூரத்து லென்ஸ் இன்னொரு காரணத்துக்காகவும் தோற்கும். மூடுபனி. உங்களுக்கும் முகத்துக்கும் நடுவில் எவ்வளவு காற்று இருக்கிறதோ அவ்வளவு பால் கலக்கும். பதினைந்து மீட்டரில் கறுப்பு சாம்பலாகிவிடும், தோலின் நிறம் வெளுத்துவிடும், ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடும். கணினியில் பனியை நீக்கும் "டிஹேஸ்" இழுத்தால் கன்னத்தில் திட்டுத் திட்டாக அழுக்கு ஏறும். இரண்டு மீட்டரில் அதே பனி பின்னணியை மட்டும் மெழுகிவிட்டு முகத்தை விட்டுவைக்கும். வெள்ளைப் பனியைக் கேமரா சாம்பல் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும். ஆகவே எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்கு வெளிச்சம்) வரை கூட்டுங்கள். வெயில் நாளில் தோடர் பாட்டி போர்த்திய வெள்ளைப் பூத்துக்குளிச் சால்வையையோ, பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகையில் வெள்ளை உடுத்தி வரும் படுகர் பெண்களையோ எடுத்தால் கதை தலைகீழ். வெள்ளைத் துணியின் இழை தெரியும் அளவுக்கு வைத்து எடுத்துவிட்டு, முகத்தின் வெளிச்சத்தைப் பிறகு ஏற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தில் பத்து லென்ஸ் ஒரே கிழவியைச் சுற்றி நிற்கிறதே, அதில் ஒருவர் கூடத் திரையைத் திருப்பிக் காட்டுவதில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது எல்லோரும் "சைலன்ட் ஷட்டர்" என்கிறார்கள். சத்தம் வராதாம், தெரியாமலே எடுக்கலாமாம். மார்க்கெட்டில் எல்இடி பல்பும் டியூப்லைட்டும் எரிகின்றன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் வினாடிக்கு நூறு தடவை துடிக்கும். சத்தமில்லாத அந்த எலெக்ட்ரானிக் ஷட்டர் படத்தை வரிவரியாகப் படிப்பதால் 1/500 வைத்தால் முகத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். அதை மென்பொருளில் சுத்தமாக எடுப்பது கடினம். 1/100 வைத்தால் போகும், ஆனால் கை அசைவு கலங்கும். மெக்கானிக்கல் ஷட்டரே போடுங்கள். "டக்" என்று கேட்கட்டும். நிமிர்ந்து பார்ப்பார், நீங்கள் சிரிப்பீர்கள், திரையைக் காட்டுவீர்கள். பேச்சு அங்கேயே ஆரம்பமாகிவிடும்.

நீலத் தார்ப்பாய் கட்டிய கடையில் தோல் பிணநிறமாக விழும். ஒயிட் பேலன்ஸ் திருகினால் முகம் தேறும், கேரட் கெட்டுவிடும். சந்துப்பக்கம் திறந்த வெளிச்சம் விழும் ஓரமாகப் போய் நில்லுங்கள், இல்லையென்றால் கறுப்பு வெள்ளையாக்குங்கள். மங்கி கேப்பும் மஃப்ளரும் நெற்றியை மறைத்துக் கண்ணை இருட்டாக்கும். எதிரில் வெள்ளைச் சாக்கு விரித்திருந்தால் பாருங்கள், அவர் குனியும்போது சாக்கிலிருந்து வெளிச்சம் மேலே எழும்பிக் கண்ணுக்குள் விழும். அந்த வெளிச்சத்துக்குக் காத்திருக்கலாம். இதெல்லாம் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். (குளிரிலிருந்து டீக்கடை ஆவிக்குள் நுழைந்தால் லென்ஸ் மூடிக்கொள்ளும். துடைக்கத் துடைக்க மறுபடி மூடும். பைக்குள்ளேயே இருபது நிமிடம் விடுங்கள், அதற்குள் டீ குடியுங்கள்.)

சரி, சட்டத்துக்கு வருகிறேன். "பொது இடம், யாரும் தடுக்க முடியாது." பொது இடத்தில் படமெடுப்பதை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் சட்டம் இல்லை, உண்மைதான். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படம் பொதுவாக எடுத்தவருக்குத்தான், அதுவும் உண்மை. ஆனால் 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று சொன்னபோது, பொது இடத்துக்கு வந்துவிட்டார் என்பதாலேயே ஒருவர் அதை இழந்துவிடுவதில்லை என்றும் சொன்னார்கள். சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் பாதியோடு நிறுத்தாதீர்கள். அப்புறம், அந்தப் பேத்தி சட்டம் பேசவில்லை. "தயவுசெஞ்சு" என்றுதான் கேட்டாள். அதற்குச் சட்டத்தைப் பதிலாகக் கொடுப்பது என்ன பண்பு?

"சிசிடிவி எடுக்கவில்லையா" என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. சிசிடிவி தலைப்பு வைத்துப் போட்டிக்கு அனுப்புவதில்லை.

"பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-ப்ரெஸோன் தன் லைக்கா கேமராவின் பளபளப்பைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துக்கொண்டுதானே எடுத்தார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒட்டினார். அவர் எடுத்தது பத்திரிகைத் தாளில் வந்தது. நீங்கள் எடுப்பது ஒரு மணி நேரத்தில் அந்தப் பாட்டியின் சம்பந்தி வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்கு வருகிறது. இரண்டும் ஒன்றில்லை. பெரியவர்கள் பெயரைச் சொல்வதானால் இவற்றையும் சொல்லுங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்கே 1936இல் கலிபோர்னியாவில், "மைக்ரன்ட் மதர்" என்று புகழ்பெற்ற படத்தில் இருக்கும் அந்தத் தாயை எடுத்தபோது பெயர் கூடக் கேட்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். 1978இல்தான் அந்தத் தாய் யார் என்று உலகத்துக்குத் தெரிந்தது, அந்தப் படத்தைப் பற்றி அவருக்கு மனக்கசப்புத்தான் இருந்தது. 1984இல் பாகிஸ்தான் அகதி முகாமில் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக்கண் பெண்ணை அடுத்த ஆண்டே உலகம் முழுக்க "நேஷனல் ஜியாக்ரஃபிக்" இதழின் அட்டையில் பார்த்துவிட்டது. அந்தப் பெண், ஷர்பத் குலா, அந்தப் படத்தைப் பார்த்தது 2002இல் தேடிக் கண்டுபிடித்த பிறகு. எல்லோரும் பார்த்து முடித்து, கடைசியாக அவர்.

இந்த மலைக்கு இது புதிதில்லை. நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் தொகுத்த பழங்குடிகள் பற்றிய நூல் 1873இல் லண்டனில் வந்தது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர் எல்லோரையும் நிறுத்திவைத்து எடுத்த படங்களோடு வந்தது. பெயர் வேண்டாம், இனம் போதும் என்ற பார்வை. நூற்றைம்பது வருடம் கழித்து, தாவரவியல் பூங்காவுக்கு மேலே இருக்கும் மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், வாசலில் உட்கார்ந்து பூ வேலை செய்யும் அம்மாவை வேலிக்கு வெளியிலிருந்து எடுத்து "டோடா டிரைப்" என்று போடுகிறோம். கோத்தகிரி ரோட்டில் காரை நிறுத்தி, கொழுந்து பறிக்கும் அக்காவைக் கூடையோடு திரும்பச் சொல்கிறோம். நிர்ணயித்த கிலோவுக்கு மேல் பறித்தால்தான் அவருக்குக் கூடுதல் காசு. உங்களுக்காக நின்ற ஐந்து நிமிடமும் அவர் கூலியில் போகிறது. போன பிறகு அந்தப் படம் என்ன ஆனது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. 1960இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொடங்கி, "இந்து" (Indu) பிலிம் செய்து நாடெங்கும் அனுப்பிய ஊர் இது. ஒரு பேட்டையே இந்து நகர் என்று பெயர் வாங்கிய ஊர். இந்த ஊர்க்காரிக்குத் தன் படம் தனக்குத் தெரியாதென்றால் எனக்கு வலிக்கிறது.

"நீ மட்டும் என்ன யோக்கியம்" என்று உள்பெட்டியில் கேட்டவர்களுக்கு: என் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு முகமும் தன் படத்தைப் பார்த்திருக்கிறது. சந்தேகமிருந்தால் மார்க்கெட்டில் போய்க் கேளுங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்தால் நினையுங்கள். நம் வீடுகளில் பெரியவர்களுக்கென்று ஒரு நல்ல படம் கிடையாது. ஆதார் அட்டைப் படம் இருக்கும், அதில் யாரைப் பார்த்தாலும் மிரண்டுபோய் இருப்பார்கள். சாவு விழுந்த அன்று பிள்ளைகள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவார்கள். குரூப் போட்டோவின் ஓரத்தில் நின்றவரை வெட்டி, தோளில் இருக்கும் அடுத்தவர் கையை அழிக்கச் சொல்லி, ஸ்டுடியோவில் கெஞ்சி, ராத்திரியோடு ராத்திரியாக ஃபிளெக்ஸ் அடிப்பார்கள். பெரிதாக்கினால் இரண்டு கண்ணும் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். மாலை போடுவது அந்தப் படத்துக்கு. அதே மனுஷியின் முகம் இமைமயிர் எண்ணும் தெளிவில் யாரோ ஒருவருடைய ஹார்டு டிஸ்கில் கிடக்கிறது, அவர் வீட்டுக்கு அது இருப்பதே தெரியாது. இதை அநியாயம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல?

தம்பி, அந்தப் படத்தை எடுத்தவர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் கண் நல்ல கண், அதில் சந்தேகமில்லை. முதலில் பதிவை எடுத்துவிடுங்கள். பிறகு அன்றைக்கு எடுத்த எல்லா ஃபிரேமையும் போனில் ஏற்றிக்கொண்டு பாட்டியிடம் போங்கள். திரை வெளிச்சத்தை முழுக்க வைத்து, உங்கள் உடம்பால் வெயிலை மறைத்து, முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுங்கள். போனை அவர் கையிலேயே கொடுங்கள், கிட்டத்தில் கண் தெரியாதவர்கள் தள்ளி வைத்துத்தான் பார்ப்பார்கள். எது பிடித்திருக்கிறது என்று அவரையே கேளுங்கள். நீங்கள் போட்டதை அநேகமாகத் தொடமாட்டார். அவர் காட்டுவதை 8க்கு 12 அங்குலம் பிரின்ட் போடுங்கள். 2400க்கு 3600 பிக்சல் இருந்தால் போதும். திரையில் தெரிவதைவிடத் தாளில் இருட்டாக விழும், அரை ஸ்டாப் ஏற்றிக் கொடுங்கள். லேபில் கலர் கரெக்ஷன் வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாட்டியை வெள்ளையாக்கிவிடுவார்கள். தாள் மேட். சட்டம் போட்டால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுன்ட் போர்டு வைக்கச் சொல்லுங்கள், இந்த மலை ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது கிழியும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போங்கள், கூட்டம் குறைவாக இருக்கும். சாயங்காலம் வேண்டாம், அது கணக்குப் பார்க்கிற நேரம்.